விடுதலைப் பத்திரம்

எங்கள் மாவட்டத்தில் ஒரு வகைப் புத்தகம் உண்டு. கடையில் கிடைக்காது. குடும்ப ஐக்கிய விழா நடக்கும் மண்டபத்தில், பந்திக்கு முன்னால், வீட்டுக்கு ஒரு பிரதி என்று கையில் கொடுப்பார்கள். எழுதியவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ வங்கி அதிகாரியாகவோ இருப்பார். அட்டையில் தலைப்பாகை கட்டிய ஒரு பாட்டா. முதல் பத்துப் பக்கம் வாழ்த்துரைகள். கடைசியில் நான்காக மடித்து ஒட்டிய பெரிய தாளில் கொடிவழி.

என் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ஓய்வுபெற்ற நாளிலிருந்து இந்த வேலையில்தான் இருக்கிறார். அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பஸ் பிடித்து ஊர் ஊராகப் போகிறார். கல்லறைத் தோட்டத்தில் எழுத்து மங்கிய கல்லில் சுண்ணாம்புப் பொடியைத் தேய்த்து வாசிக்கிறார். ஞானஸ்நானப் பதிவேடுகளைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறார். குவைத்திலும் கனடாவிலும் இருக்கிற சொந்தங்களை ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு, "உனக்க பாட்டாவுக்க அப்பன் பேரு என்ன மக்கா" என்று கேட்கிறார். தமிழ் படித்தவள் என்பதால் எழுத்துப்பிழை பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

தாளை விரித்துப் பார்த்தேன். ஆண்களுக்கெல்லாம் கட்டம். அவர்கள் மனைவிமார் அதே கட்டத்துக்குள் சிறிய எழுத்தில். பலருக்குப் பெயர் இல்லை, பிறந்த ஊர் மட்டும். மகள்களுக்கு ஒரு கோடு கீழே இறங்கி, புருஷன் ஊரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. வெட்டிய கிளையின் மொட்டை மாதிரி. முதல் கட்டத்தில் பாண்டிய நாட்டிலிருந்து வந்த ஒரு படைத்தலைவர் இருந்தார். நான் பார்த்த இந்த வகைப் புத்தகங்களில் பாதிக்கு மேல், எந்தச் சாதியானாலும், ஒரு படைத்தலைவர் இருக்கிறார். இத்தனை படைத்தலைவர்கள் இருந்தால் சண்டைக்குப் போன சிப்பாய்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள், அவர்களுக்குச் சோறு பொங்கியவர்கள் யார் என்று கேட்கத் தோன்றும். அண்ணனிடம் கேட்டேன். சிரித்தார், எடுக்கவில்லை.

"பெண்ணுவளையும் போட்டா தாளு பத்தாது பிள்ளே" என்றார்.

அவர் சொன்னது கணக்குப்படி சரி. எனக்கு அப்பா அம்மா இரண்டு பேர். அவர்களுக்கு மேலே நான்கு. அதற்கு மேல் எட்டு. ஏழாவது தலைமுறையில் 128 இடங்கள், அதில் 64 பெண்களுடையவை. மாமன் மகள், மாமி மகன் என்று நமக்குள்ளேயே கட்டிக்கொடுத்ததால் ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் வரலாம். ஆள்தொகை கொஞ்சம் குறையும், இடம் குறையாது. அந்த 128 இடத்தில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து, இவர்தான் எங்கள் மூதாதை என்று நாம் சொல்கிறோம். மற்ற 127 இடத்தில் இருந்தவர்களின் உடம்பும் நமக்குள் இருக்கிறது. அலெக்ஸ் ஹேலியின் 1976ஆம் ஆண்டுப் புத்தகம் தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்று வந்து நம்மில் பலரை அழவைத்தது. அவர் குண்டா கிண்டேயைத் தேடிப் போன வழி அவருடைய அம்மா வழி. கதையைக் காத்துவைத்து வீட்டுத் திண்ணையில் சொன்னவர்கள் பாட்டியும் அவர் சகோதரிகளும். ஆனாலும் நம் மனதில் நிற்கும் பெயர் அந்த ஆணுடையதுதான்.

தமிழர்களின் மிகச் சுருக்கமான கொடிவழி இனிஷியல். அதற்கு முந்தியும் இப்படித்தான் இருந்திருக்கிறது. புறநானூற்றின் 246ஆம் பாட்டைப் பாடியவர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. எங்கள் பக்கத்துப் பூதப்பாண்டி ஊரோடு அவள் கணவன் பெயரைச் சேர்த்துப் பேசுவார்கள். பெருங்கோப்பெண்டு என்பது பட்டம், தேவி என்பது உறவு. சாகப்போகிற நேரத்தில் சான்றோரை எதிர்த்து அப்படி ஒரு பாட்டைப் பாடியவளுக்கு அம்மா வைத்த பெயர் அந்தத் தலைப்பில் இல்லை. வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போது மாணவிகளை அவரவர் அம்மாவின் அம்மாவின் அம்மா பெயரை எழுதச் சொல்வேன். பெரும்பாலோர் அம்மாவின் அம்மாவோடு நின்றுவிடுவார்கள். அப்பா வழியில் அவர்களுக்கு இன்னும் இரண்டு படி தெரியும்.

ரத்தம் ஆண் வழியாகத்தான் ஓடுகிறது என்று நம்புகிறவர்கள் நாஞ்சில் நாட்டில் பிறந்திருந்தால் குழம்பிப்போயிருப்பார்கள். எங்கள் மயிலாடியைச் சுற்றியிருந்த ஊர்களில் நாஞ்சில் நாட்டு வேளாளர்கள் 1926 வரை மருமக்கள் வழியில் வாழ்ந்தவர்கள். காரணவருக்குப் பிறகு சொத்து அவருடைய மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். அந்த வீட்டின் கொடிவழியை வரைந்தால் சகோதரிகள் வழியாகத்தான் வரைய வேண்டும். பக்கத்துத் தெருவில் மக்கள் வழி வீடு. அங்கே கொடி மகன் வழியாகப் படரும். ஒரே குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்ற இரண்டு வீடுகள். ரத்தத்தில் வித்தியாசம் இல்லை. வயல் யாருக்கு என்பதில்தான் வித்தியாசம். கொடி வயலைச் சுற்றிப் படர்ந்தது.

இதைக் கேட்டதும் பெண் வழி இருந்த காலம் பொற்காலம் என்று சில தோழிகள் உற்சாகமாகிவிடுவார்கள். எனக்கு அந்த உற்சாகம் இல்லை. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மருமக்கள் வழி மான்மியம் எழுதியது எதற்காக? புருஷன் செத்த மறுநாள் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டிய மனைவியின் வாயால் அந்த முறையின் கொடுமையைச் சொல்வதற்காக. கொடி பெண் வழியாகப் போனபோதும் சாவி மாமன் இடுப்பில்தான் இருந்தது. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து சொத்து மக்களுக்கு என்று ஆனது. சாவி மாமன் இடுப்பிலிருந்து அப்பன் இடுப்புக்குப் போனது.

என் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். மயிலாடியில் கிறிஸ்தவக் குடும்ப வரலாறு என்றால் எங்கே தொடங்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மகாராசன் என்ற சாம்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். அவர் அழைப்பில் 1806இல் ரிங்கல்தௌபே வந்தார். 1809இல் ஆலயம் எழும்பியது. இன்றைய ஆலயத்துக்கும் அந்த இரண்டு ஆண்களின் பெயர்தான். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. கும்பிடப் போன இடத்தில் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சனம், தானே ஒரு வாசலைக் கட்டிக்கொண்டது சாதாரணக் காரியம் இல்லை.

ஆனால் குடும்ப மரம் தேடுகிறவர்களுக்கு அந்த வருடம் ஒரு சுவர். ஞானஸ்நானத்தோடு புதுப் பெயர் வருகிறது, பழைய பெயர் போகிறது. பதிவேடு அங்கே தொடங்குகிறது, எனவே குடும்பமும் அங்கே தொடங்கியதாக எழுதிவிடுகிறோம். படைத்தலைவரை வைத்து நிரப்புவது அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிற இருட்டைத்தான். அங்கே வெளிச்சம் போட்டால் என்ன தெரியும் என்பது எல்லாருக்கும் உள்ளூரத் தெரியும். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தின் ஓலைகளை அ.கா. பெருமாள் பதிப்பித்திருக்கிறார். அவற்றில் அடிமைகளை விற்றதும் ஒற்றி வைத்ததும் பற்றிய ஓலைகள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல்தான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் ஒருத்தியின் பெயர் எழுத்தில் வர வேண்டுமானால், அது யாரோ அவளை விற்கிற எழுத்தாகத்தான் இருந்திருக்கும். அவள் யாருக்கு அம்மா என்பதற்காக யாரும் ஓலை நறுக்கவில்லை.

சுவருக்கு இந்தப் பக்கமும் பெயர் நேர்வழியில் வரவில்லை. 1820களில் நாகர்கோவில் மிஷன் பள்ளியில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தங்களைத் தாங்களே விலை கொடுத்து மீட்டதாக மிஷன் வரலாறு சொல்கிறது. போர்டிங் பிள்ளைகளின் செலவுக்கு இங்கிலாந்திலிருந்து பணம் அனுப்பியவர்கள், தாங்கள் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைக்கச் சொல்லும் வழக்கமும் அந்த மிஷனில் இருந்தது. என் அம்மா வழியில் மேலே நான்காவது படியில் ஒரு பாட்டிக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர். எங்கள் வீட்டில் அவளுக்கு வெள்ளைக்கார ரத்தம் இருந்ததாக ஒரு ரகசியப் பெருமை ஓடும். நிறம் கொஞ்சம் வெளுத்த குழந்தை பிறந்தால் அவளைச் சொல்வார்கள். யாரோ ஒரு தூரத்து அம்மாள் வருடத்துக்குச் சில பவுன் அனுப்பி வைத்த பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நான் சொன்னபோது, ஒரு சித்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயார் பெயருக்கு இடம் இருக்கிறது. நான் பார்த்த பழைய திருமணப் பதிவேட்டில் மணமகளுக்குத் தகப்பனார் பெயர் மட்டும் கேட்கிறார்கள். பெற்றபோது இருந்த அம்மா, கட்டிக்கொடுக்கும்போது இல்லை.

இப்படி எல்லாக் காகிதத்திலும் தேய்ந்துபோகிற பெண்களை நான் கடைசியில் முழுசாகக் கண்டுபிடித்தது அப்பாவின் தகரப்பெட்டியில். நிலப் பத்திரங்கள். பாட்டாவின் காலத்திலிருந்து கட்டுக்கட்டாக இருந்தன. அண்ணனின் தாளில் வெறும் கோடாக நின்ற ஒவ்வொரு பெண்ணும் அங்கே இருந்தாள். இன்னார் மகளும், இன்ன ஊரில் இன்னார் மனைவியும், சுமார் இத்தனை வயதும், இன்ன வீட்டில் குடியிருப்பும். தலைப்பெழுத்தோடு முழுப்பெயர். கையெழுத்துத் தெரிந்தவள் கையெழுத்து. தெரியாதவள் இடது பெருவிரல் ரேகை. ஐந்து அக்காள் தங்கைகள் என்றால் ஐந்து பேரும் மூப்பு வரிசைப்படி. ஒரு பெயரும் விடுபடவில்லை, விட்டால் பத்திரம் செல்லாது.

அந்தக் காகிதத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். அப்பா சொத்தில் எனக்குள்ள பாகத்தை என் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று மகள் எழுதிக்கொடுப்பது. எதிலிருந்து யாருக்கு விடுதலை என்று கேட்கக் கூடாது. பழைய திருவிதாங்கூர்ப் பேச்சில் இதற்கு ஒழிமுறி என்று பெயர். தாலி உறவை முறித்துக்கொள்ளும் பத்திரத்துக்கும் அதே சொல்தான்.

இந்தப் பத்திரங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1916ஆம் வருடத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, வழக்கத்தால் விலக்குப் பெற்ற சில பிரிவினர் தவிர, மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்திருந்தால், கொடுப்பதாகச் சொல்லியிருந்தால்கூட, அதுவும் இல்லை. 1956இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தப் பழைய சட்டம் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்ற சண்டை ஓயவில்லை. 1970களில் சென்னை உயர்நீதிமன்றமே ஒருமுறை ஒன்று சொன்னது, இன்னொருமுறை மாற்றிச் சொன்னது. கோட்டயத்து மேரி ராய் உச்சநீதிமன்றம் வரை போனார். 1986இல் தீர்ப்பு வந்தது: 1951 முதலே மகனும் மகளும் சமம். சமம் என்று ஆன பிறகுதான் மகளின் கையெழுத்து இத்தனை அவசியமானது. பங்கு இல்லாதவளிடம் யாரும் விட்டுக்கொடு என்று கேட்பதில்லை. சட்டம் ஒன்றைக் கொடுத்தது, அதைத் திரும்ப வாங்கக் காகிதம் நீட்டினார்கள், அந்தக் காகிதத்தால் அவள் பெயர் எனக்குக் கிடைத்தது. நானும் என் தங்கையும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு கிறிஸ்துமஸ் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை, அவ்வளவுதான்.

ஓலைக்கும் பத்திரத்துக்கும் நடுவே இருநூறு வருடம் போனாலும் இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. பெண்ணின் பெயரை முழுசாக எழுதுவதற்கு ஒரு சந்தர்ப்பம் தேவைப்பட்டிருக்கிறது, அந்தச் சந்தர்ப்பம் அவளிடமிருந்து எதையோ எடுக்கிற சந்தர்ப்பம். அந்தக் காகிதங்களிலிருந்து பெயரைப் பொறுக்கி எடுத்துக் கட்டம் போட்டு மரத்தில் தொங்கவிட்டால் நியாயம் செய்துவிட்டேன் என்று ஆகுமா? அந்தப் பெயரோடு பத்திரத்தையும் சேர்த்துத் தொங்கவிட வேண்டாமா? விடுபட்ட பெயர்களைச் சேர்ப்பது நம் பெண்ணியத்தில் ஒரு நல்ல வேலையாக ஆகியிருக்கிறது, நானும் செய்கிறவள். அந்த வேலையின் நடுவில் மாமி என்னைத் தடுத்தார்.

மாமி என்றால் எங்கள் பக்கத்து வழக்கில் அப்பாவின் சகோதரி. எண்பதைத் தாண்டியவர். இங்கே ஊரையும் உறவு முறையையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன், காரணம் பின்னால் தெரியும். கொடிவழியில் அவருக்கு ஒரு கணவர், நான்கு பிள்ளைகள். நான் பத்திரங்களைப் பற்றிச் சொன்னபோது அவர் தானாகவே இன்னொன்றைச் சொன்னார். அந்தக் கணவருக்கு முன்னால் ஒருவர் இருந்தார். பதினேழு வயதில் கட்டிக்கொடுத்து மலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். மூன்று வருடத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு தனியாகத் திரும்பி வந்தார். ஏன் என்று இருந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்து எட்டு மாதம் இருந்தது. தோட்டத்துச் சரிவில் அடக்கம் செய்தார்கள். ஞானஸ்நானம் கொடுக்கப் பாதிரியார் வரக் காத்திருந்ததால் எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. ஆனால் மாமி அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். அதையும் எனக்குச் சொன்னார்.

சொல்லி முடித்துவிட்டு, "எழுதாத மக்கா" என்றார்.

நான் வாதாடினேன். அந்தக் குழந்தை வாழ்ந்ததற்கு ஒரு சாட்சியும் இல்லையே மாமி, நீங்களும் போய்விட்டால் அவள் இல்லவே இல்லை என்று ஆகிவிடுமே என்றேன்.

"இல்லேன்னு நான் சொன்னனா? எனக்க பிள்ளை எனக்க கிட்ட இருக்கு. உங்க தாளுல எதுக்கு?"

எனக்கு அப்போது இந்து உறவினர் வீடுகளில் பார்த்த கன்னியின் நினைவு வந்தது. கல்யாணம் ஆகாமல் செத்த பெண்பிள்ளைக்கு வீட்டில் ஒரு மூலை. பெட்டியில் ஒரு புதுத் துணி. வருடத்துக்கு ஒருமுறை அவளுக்கு வைத்துக் கொடுப்பார்கள். முப்பந்தல் இசக்கியிலிருந்து வீட்டுக் கன்னி வரை, எங்கள் நாட்டில் வம்சம் விடாமல் போன பெண்ணுக்குக் கொடிவழியில் இடமில்லை, பீடத்தில் இடம் உண்டு. பயத்தால் கொடுத்த இடம்தான், ஆனாலும் ஓர் இடம். வேதத்துக்கு வந்தபோது நாங்கள் அந்தப் பெட்டியையும் விட்டுவிட்டு வந்தோம். மாமிக்கு அந்தக் குழந்தையை வைக்க வெளியே ஓர் இடம் இல்லை, உள்ளே வைத்துக்கொண்டார். அறுபது வருடத்துக்கு மேலாகப் பூட்டியிருக்கிற அறைக்குச் சாவி கேட்க நான் யார்?

மறைக்கப்பட்டதை வெளியே கொண்டுவருவது நல்லது என்று நாம் பொதுவாக நம்புகிறோம். மறைத்தவர் ஆதிக்கக்காரராக இருக்கும்போது அது சரி. படைத்தலைவரை ஒட்டி அடிமை ஓலையை மறைக்கிறவரிடம் நான் விடாமல் கேட்பேன். தன் வாழ்க்கையின் மேல் ஒரு பெண் தானே போட்டுக்கொண்ட மூடியை அதே கையால் திறக்க முடியுமா? எங்கள் மண்ணில் மூடிக்கொள்வதற்கான உரிமைக்காகவே பெண்கள் அடிபட்டிருக்கிறார்கள். தோள்சீலைக்கு அனுமதி வந்தது 1859இல், அதுவும் மேல்சாதிப் பெண்கள் போலப் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. எதை மூடுவது, எதைக் காட்டுவது என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் அந்தப் போராட்டம் என்றால், கொடிவழித் தாளும் அதற்கு விலக்கு இல்லை.

குழந்தையின் பக்கம் என்ன நியாயம் என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. அம்மாவின் மௌனத்துக்கு மதிப்புக் கொடுப்பதால் இன்னொரு பெண்பிள்ளை எழுத்திலிருந்து போகிறாள். அவளுக்காகப் பேச அவள் அம்மாவைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை என்பது ஒரு பதில். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை, வேறு பதிலும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து மாமியே போனில் கூப்பிட்டார். "நீ எழுதுக புக்குல எழுதிக்கோ. பேரு போடாத. கதெ போட்டும், பேரு எனக்கு." நான் அதுவரை தேடிய காகிதமெல்லாம் பெயரை வைத்துக்கொண்டு கதையைத் தொலைத்தவை. மாமி அதைத் தலைகீழாக்கிக் கேட்டார். இந்தக் கட்டுரையில் அவர் பெயரும் இல்லை, குழந்தை பெயரும் இல்லை. அவரிடம் முதலில் வாசித்துக் காட்டினேன். டிரங்குப் பெட்டியின் நிறத்தை எழுதியிருந்தேன், அதை எடுக்கச் சொன்னார்.

அண்ணனிடம் மாமி கதையைச் சொல்லவில்லை. மற்ற பெண்களுக்காக மட்டும் பேசினேன். படைத்தலைவரை எடுக்க வேண்டும், மனைவிகளுக்குத் தனிக் கட்டம், மகள்களின் பிள்ளைகளும் வர வேண்டும், வேண்டாம் என்கிற பெண்ணுக்கு வெறும் கட்டம். விடுதலைப் பத்திரங்களை நகல் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதில் இரண்டில் அவருடைய சொந்த அக்காளின் கைரேகை இருந்தது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காள் பள்ளிக்கூடத்தில் அவரைவிட நன்றாகப் படித்தவர், கையெழுத்து அழகாக இருக்கும், எதற்கு ரேகை வைத்தாள் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கோபத்தில் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

பிறகு பென்சிலை எடுத்து, என் சொல்படி வரைந்தால் தாள் எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட்டார். ஒரு மனைவிக்குக் கட்டம் போட்டால் அவள் அப்பன் அம்மாளுக்கும் போட வேண்டும். அவர்கள் தேரூரில் ஒரு வீடு, அஞ்சுகிராமத்தில் ஒரு வீடு, ஆரல்வாய்மொழியில் ஒரு வீடு. மூன்றாவது தலைமுறையிலேயே அவர் இதுவரை சொந்தம் என்று சொல்லாத ஆட்கள், ஒரு காலத்தில் நம் வீட்டுப் பந்தியில் உட்காரவைக்காதவர்கள்கூட, கோட்டுக்குள் வந்தார்கள். அப்போது அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அப்பம் இது ஆருக்க குடும்பத்துக்க புக்கு பிள்ளே?"

அச்சகத்தில் மடித்து ஒட்டும் தாளுக்குத் தனி ரேட் என்றும், இரண்டு தாள் ஆனால் எவ்வளவு என்று நாளைக் காலை விசாரிக்கிறேன் என்றும் சொன்னார்.